கால் மிஷினும் மாமாவின் தபால்தலைகளும்

பல வருடம் ஓடாமல் கிடந்த தையல் மிஷினின் சக்கரம் சுற்றவில்லை என்றால், பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. உள்ளே விட்ட பழைய எண்ணெய் காய்ந்து பிசினாகி, நகரவேண்டிய உறுப்புகளையெல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்ட வைத்திருக்கும். இது தெரியாமல்தான் பலரும் பழைய கால் மிஷினை இரும்புக் கடைக்காரருக்கு எடைக்குப் போடுகிறார்கள். தலை ஒரு பக்கம் போகும், வார்ப்பிரும்பு ஸ்டாண்டின் மேல் கிரானைட் பலகை போட்டுச் சாப்பாட்டு மேசையாக்கி விற்பார்கள். எங்கள் வீட்டு மிஷினுக்கும் கிட்டத்தட்ட அந்தக் கதிதான். அம்மா காலத்து மிஷின். திருச்சிக்கு வீடு மாறி வந்ததிலிருந்து அதன் மேல் மணிபிளான்ட் தொட்டி ஒன்றும், துவைத்து மடிக்காத துணிகளும் இருந்து வந்தன.

மாமாவும் அத்தையும் ராஜபாளையத்திலிருந்து சனி, ஞாயிறு தங்குவதாக வந்தார்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் என்று எந்தக் காரணமும் இல்லாத வருகை. இப்படி வருபவர்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. மாமனாரோடு பேச நமக்கு மொத்தம் நாலு விஷயம்தான் இருக்கும்; மழை, பஸ், சர்க்கரை அளவு, நம்முடைய ஆபீஸ். அது சனிக்கிழமை காபிக்குள் முடிந்துவிடும். அதனால் ஏதாவது ஒரு வேலையை நடு வீட்டில் போட்டுக்கொள்வது நல்லது. அதுவும் கொஞ்சம் செய்து, நிறைய நேரம் ஊறவிட்டுக் காத்திருக்கும் வேலையாக இருந்தால் ரொம்ப நல்லது. ஊறும் நேரத்தில் சாப்பிடலாம், தூங்கலாம், பேசலாம், கூப்பிட்டால் எழுந்து போகலாம். இறுகிப்போன தையல் மிஷினுக்கு இந்தக் குணம் இயல்பாகவே உண்டு.

அத்தை ஒரு காலத்தில் தெருவுக்கே ஜாக்கெட் தைத்தவர். முழங்கால் வலி வந்த பிறகு விட்டுவிட்டார். மகள் வீட்டுச் சமையலறையில் அவரை எதையும் தொடவிடுவதில்லை என்று என் மனைவி முடிவு செய்திருந்ததால் அத்தைக்குக் கை பரபரத்தது. மாமா எங்கே போனாலும் ஒரு தபால்தலை ஆல்பத்தையும், ஒரு லென்ஸையும், தட்டை முனை இடுக்கி ஒன்றையும் எடுத்து வருபவர். வந்த அன்றே என்னிடம் அகலமான தட்டு ஒன்று கேட்டு வாங்கி, உறைகளிலிருந்து வெட்டியெடுத்த தபால்தலைகளைத் தண்ணீரில் போட ஆயத்தமாகிவிட்டார்.

மிஷினைத் தூசி தட்டி பால்கனிப் பக்கம் நகர்த்தினோம். மண்ணெண்ணெய் புழங்கப் போகிறது. சாயங்காலம் அத்தை பூஜை அறையில் விளக்கேற்றுவார். இரண்டும் ஒரே இடத்தில் வேண்டாம்.

முதலில் பூட்டு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். கைச்சக்கரத்தின் நடுவில் ஒரு திருகு இருக்கிறது, அடி நூலுக்கான சின்ன உருளை, அதாவது பாபினில் நூல் சுற்றும்போது தளர்த்துவோமே, அது. அதைத் தளர்த்தினால் சக்கரம் தனியாகவும் மிஷின் தனியாகவும் பிரிந்துவிடும். தளர்த்திவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன், தாராளமாகச் சுற்றியது. ஆகவே சக்கரத்தில் கோளாறில்லை, பூட்டு தலைக்குள்ளே இருக்கிறது. இங்கே ஒரு சின்ன விஷயம். அந்தத் திருகை முழுதாகக் கழற்றினால் அடியில் காது வைத்த ஒரு வாஷர் வரும். எந்தப் பக்கம் வெளியே பார்த்திருந்தது, எந்தக் காது மேலே இருந்தது என்று சாக்பீஸால் குறித்துவைக்க வேண்டும். மாற்றிப் போட்டால் எவ்வளவு முறுக்கினாலும் சக்கரம் பிடிக்காது, பெல்ட் சுற்றும், ஊசி இறங்காது. நல்ல மிஷின் கெட்டுப்போனதாக நினைத்துப் பயந்துபோவதற்கு இது ஒன்றே போதும்.

அடுத்தது ஷட்டில், மேல் நூலையும் பாபின் நூலையும் பூட்டும் உறுப்பு. தலையைப் பின்பக்கமாகச் சாய்த்து, பாபின் கேஸை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் இருக்கும் கொக்கிகளைத் திருப்பினால் வளையம் கழன்று வரும், அதன் பின்னால் பிறைநிலா வடிவில் ஷட்டில். எங்கள் மிஷினில் அந்தப் பள்ளத்தில் பல காலத்துப் பஞ்சு எண்ணெயோடு கலந்து கம்பளித் துணி மாதிரி படிந்திருந்தது. அதற்குள் பச்சை நூல் ஒன்று சிக்கி, ஷட்டிலின் அச்சைச் சுற்றி இறுக்கியிருந்தது. விரலுக்கு எட்டவில்லை. ஊசியால் குத்தினால் அறுந்து உள்ளே போகிறது. மாமா லென்ஸை எடுத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். தபால்தலை இடுக்கியைக் கொடுப்பாரா என்று நான் கேட்கவில்லை. அதன் முனை வளைந்தால் தபால்தலையின் ஓரத்துப் பல் கிழியும் என்று எனக்கே தெரியும். அவரே உள்ளே போய்ப் பையிலிருந்து பழைய இடுக்கி ஒன்றை எடுத்து வந்தார். "இது ரிட்டயர்டு ஆனது மாப்பிள்ளை, என்னை மாதிரி" என்றார். நூல் துண்டுதுண்டாக வந்தது. வந்த பிறகும் சக்கரம் அசையவில்லை. அப்படியானால் மிச்சம் பிசின்தான்.

தலையின் இடது முனையை மூடியிருக்கும் முகத்தகட்டின் திருகைக் கழற்றித் திறந்ததும் அத்தை ஊசிக் கம்பியை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். "தேங்காண்ணெ விட்டிருக்காங்க" என்றார். விரலில் தேன் நிறத்தில் ஒட்டியது. வீட்டில் கைக்குக் கிடைப்பது அதுதான் என்பதால் நிறைய வீடுகளில் அதையே விட்டுவிடுவார்கள். விட்ட அன்றைக்கு நன்றாகத்தான் ஓடும். தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ, தாவர எண்ணெய் எதுவாக இருந்தாலும் காற்றுப் பட்டுப் பட்டு நாளடைவில் அரக்காகிவிடும். மிஷின் ஆயில் என்று கடையில் விற்கும் நிறமற்ற கனிம எண்ணெய் அப்படி எளிதில் ஆகாது. விலையும் பெரிதில்லை.

அரக்கைக் கரைக்க மண்ணெண்ணெய். கீழ் வீட்டில் அரை பாட்டில் கிடைத்தது. ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, மேல் முதுகில் இருக்கும் துளைகள், முகத்தகட்டின் உள்ளே ஊசிக் கம்பியும் துணியை அமுக்கும் பாதத்தின் கம்பியும் போகும் இடங்கள், பின்பக்கம் வட்ட மூடியைத் திருப்பினால் தெரியும் பெரிய இணைப்புகள், தலையைச் சாய்த்தால் அடியில் தெரியும் தண்டுகளின் இரு முனைகள் என்று எல்லா இடத்திலும் சொட்டுச் சொட்டாக விட்டேன். இரும்பும் இரும்பும் உரசும் இடம் எதுவோ அங்கெல்லாம் விட வேண்டும் என்பதுதான் கணக்கு. துளை தேடி அலைய வேண்டியதில்லை. கீழே செய்தித்தாள் விரித்திருந்தோம். தலை மேலே இருக்கும் தங்கப் பூ வேலைக்கு மண்ணெண்ணெய் ஒன்றும் செய்யாது; பட்டால் மெல்லத் துடைத்துவிட்டால் சரி. தின்னரும் ஸ்பிரிட்டும்தான் எமன். பழைய மிஷின்களின் மேல்பூச்சு ஸ்பிரிட்டில் கரைந்து, பூவும் எழுத்தும் துணியோடு வந்துவிடும்.

சக்கரத்தைப் பிடித்து நான் கொஞ்சம் அழுத்தப் போனேன். அத்தை, "வேணாங்க மாப்பிள்ளை, அது ஊறட்டும்" என்றார். இந்த வேலையின் பாதி அந்த ஒரு வாக்கியம். கட்டிங் பிளேயர் போட்டுச் சக்கரத்தை வளைக்கிறவர்கள்தான் எதையாவது உடைக்கிறார்கள்.

ஆக, சனிக்கிழமை மதியம் வீட்டில் இரண்டு பொருள்கள் ஊறின. மிஷின் மண்ணெண்ணெயில், தபால்தலைகள் தண்ணீரில்.

மாமாவின் முறை இது. உறைத்தாளோடு சேர்த்து, ஓரத்தில் இடம் விட்டு வெட்டிக்கொள்வார். பல்லை வெட்டிவிட்டால் அந்தத் தபால்தலைக்கு மதிப்பில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் படம் மேலே பார்க்கும்படி மிதக்கவிடுவார். கால் மணி, இருபது நிமிடத்தில் பசை இளகி, தாளிலிருந்து தானாகவே வழுக்கிக்கொண்டு வரும். வராததை உரிக்கமாட்டார், இன்னும் கொஞ்சம் விடுவார். வண்ண உறையில் இருந்தவற்றுக்குத் தனித் தட்டு, ஏனென்றால் உறையின் சாயம் இறங்கி மற்றதையும் கெடுக்கும். பின்பக்கப் பசையை விரலால் தண்ணீருக்குள்ளேயே வழித்துவிட்டு, வெள்ளைத் தாளில் கவிழ்த்துக் காயவைப்பார். செய்தித்தாள் ஆகாது, மை ஒட்டும். ஈரம் போனதும் கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்தால் சுருளாமல் நிற்கும். ஸ்டிக்கர் மாதிரி ஒட்டும் புது ரகம் சில தண்ணீருக்கு மசிவதே இல்லை. அவற்றைத் தாளோடு அழகாக வெட்டி வைத்துவிடுவதே புத்திசாலித்தனம் என்பது அவர் கட்சி.

ஆல்பத்தைத் திறந்து அவர் காட்டியதில் எனக்குப் பிடித்தது ஒன்றரை அணா காந்தி. சுதந்திர இந்தியாவின் முதல் தபால்தலை 1947 நவம்பர் 21-இல் வந்தது, தேசியக் கொடியும் ஜெய்ஹிந்தும் போட்ட மூன்றரை அணா. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15-இல் காந்திக்கு நான்கு தபால்தலைகள். ஒன்றரை, மூன்றரை, பன்னிரண்டு அணாக்கள், அப்புறம் பத்து ரூபாய். கதர் கட்டிய மனிதருக்கு ஸ்விட்சர்லாந்தில் அச்சடித்தார்கள். மூலையில் பாபு என்று இந்தியிலும் உருதுவிலும் இருப்பதை லென்ஸ் வைத்துக் காட்டினார். பத்து ரூபாய் மட்டும் அவரிடம் இல்லை. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் அத்தை எழுந்து போய்விடுகிறார்; விலை விசாரித்த கதை வீட்டில் ஏற்கெனவே பல முறை ஓடியிருக்கும் போல.

காந்தியிலிருந்து பேச்சு மறுபடி மிஷினுக்கே வந்தது. இயந்திர மோகத்தை எதிர்த்த மனிதர் 1924-இல் தன்னுடைய யங் இந்தியா இதழில் வந்த ஓர் உரையாடலில் சிங்கர் தையல் மிஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறார். தன் மனைவி கையால் தைத்துத் தைத்துச் சலிப்பதைப் பார்த்துப் பரிவில் சிங்கர் என்பவர் அதைச் செய்ததாகக் காந்தி எடுத்துக்கொண்டார். சிங்கரின் 1851 காப்புரிமைக்குப் பின்னால் இருந்தது பரிவா வியாபாரமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அவருக்கு முன்பே 1846-இல் எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கி, பிறகு சிங்கர் மேல் வழக்குப் போட்டு ஜெயித்து, பணமும் வாங்கியிருக்கிறார். கண்ணை ஊசியின் முனைப் பக்கம் வைத்து, கீழேயிருந்து இன்னொரு நூலால் பூட்டுவது என்பது ஹோவின் காப்புரிமையில் இருந்தது. நம் வீட்டுக் கறுப்பு மிஷின்களில் பெரும்பாலானவை சிங்கரின் பதினைந்தாம் வகை என்ற அமைப்பை ஒட்டிச் செய்தவை. ஜப்பான்காரர்களும் அதையே செய்தார்கள், லூதியானாவில் இன்றும் அதற்கு உதிரிபாகங்கள் செய்கிறார்கள். மேலே என்ன பெயர் எழுதியிருந்தாலும் பாபினும் பாபின் கேஸும் ஷட்டிலும் அநேகமாக ஒன்றுக்கொன்று பொருந்துவது அதனால்தான். ஒரு பழைய பொருளைச் சரிசெய்ய இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

சாயங்காலம் என் மனைவி முடி உலர்த்தும் டிரையரைக் கொண்டு வந்து கொடுத்தாள். ஆனால் அதைப் போடும் முன், மேலே நின்ற மண்ணெண்ணெயை நன்றாகத் துடைத்து, வாடை போகும்வரை கதவைத் திறந்து வைத்தோம். ஈரத்தின் மேல் சூடு காட்டுவது ஆபத்து. காய்ந்ததும் தலையின் வெளிப்புறத்தில், இரும்பு கை பொறுக்கும் அளவு சுடும்வரை காட்டி, அணைத்துத் தள்ளி வைத்துவிட்டு, சக்கரத்தை முன்னும் பின்னுமாக ஆட்டினேன். சுற்றவில்லை, ஆட்டம்தான். ஒரு நூலளவு. அப்புறம் இரண்டு நூலளவு. ஊசிக் கம்பி ஒரு மயிரிழை இறங்குவதை முதலில் பார்த்தது மாமா. லென்ஸ் அவரிடம்தானே இருக்கிறது. சூடு ஆறியதும் மறுபடி சொட்டு, மறுபடி ஆட்டல். இரவுச் சாப்பாட்டுக்கு இலை போடும் நேரத்தில் சக்கரம் ஒரு முழுச் சுற்று வந்தது. கீழே செய்தித்தாளில் டீ டிக்காக்ஷன் நிறத்தில் வடிந்திருந்தது. வடிவது தெளியும்வரை மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றி, துடைத்துத் துடைத்து எடுத்தோம்.

மண்ணெண்ணெய் கழுவத்தான், ஓட்ட அல்ல. அது ஆவியானதும் இரும்பு வெறுமையாக நிற்கும். அதனால் ராத்திரியே எல்லா இடத்திலும் மிஷின் ஆயில் ஒவ்வொரு சொட்டு விட்டு, கையால் சுற்றிக்கொண்டே இருந்தேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். "அடியில ஒண்ணு காஞ்சிருக்கு" என்றார். சாய்த்துப் பார்த்தால், துணியைத் தள்ளும் பல்லின் தண்டில், கூம்பு முனைத் திருகு ஒன்று உட்காரும் இடத்தில் எண்ணெயே போகவில்லை. எனக்கு எந்தச் சத்தமும் கேட்டிருக்கவில்லை.

பழைய தோல் பெல்ட் தொட்டாலே உதிர்ந்தது. பெரிய கடை வீதிப் பக்கம் மிஷின் சாமான் விற்கும் கடையில் பெல்ட்டும், ஒரு பாக்கெட் பதினாறாம் நம்பர் ஊசியும் வாங்கினேன். பெல்ட் எப்போதும் நீளமாகத்தான் வரும். கீழ்ச் சக்கரத்திலிருந்து பலகைத் துளைகள் வழியாக மேல் சக்கரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, கையால் இழுத்துப் பிடித்துக் குறித்து, அந்த இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே வெட்ட வேண்டும். முனையில் ஆணியால் துளை போட்டு, கம்பிக் கொக்கியை மாட்டி, பிளேயரால் அமுக்கினால் முடிந்தது. விறைப்பாக இழுத்துக் கட்டினால் மிதிக்கக் கனக்கும். கொஞ்ச நாள் ஓடினால் தோல் எப்படியும் நீளும், அப்போது மறுபடி அரை அங்குலம் வெட்டிக்கொள்ளலாம்.

ஊசியில்தான் பலர் மாட்டுவார்கள். தண்டின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், எதிர்ப்பக்கம் நெடுகப் பள்ளம் ஓடும். தட்டைப் பக்கம் ஷட்டிலைப் பார்க்க வேண்டும், நூல் பள்ளத்தின் பக்கமிருந்து கண்ணுக்குள் போக வேண்டும். எங்கள் மிஷினில் ஷட்டில் இடப்பக்கம், ஆகவே நூல் வலமிருந்து இடம். திருப்பி மாட்டினால் ஒரு தையல்கூட விழாது. ஊசியை முட்டும்வரை மேலே தள்ளித்தான் திருகை இறுக்க வேண்டும்.

ஞாயிறு காலை இட்லிக்குப் பிறகு சோதனை. அத்தையின் யோசனைப்படி மேலே சிவப்பு நூல், பாபினில் வெள்ளை நூல், துணி பழுப்புக் காடா. இரண்டு நிறம் போட்டால் எந்த நூல் தப்பு செய்கிறது என்று துணியே சொல்லிவிடும். தைத்தோம். மேலே பார்த்தால் அழகான சிவப்புத் தையல். திருப்பினால் அடியில் சிவப்பு நூல் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. இந்த இடத்தில் எல்லோருடைய கையும் பாபின் கேஸுக்குத்தான் போகும், ஏனென்றால் குழப்பம் அடியில் தெரிகிறது. ஆனால் அடியில் தொங்குவது மேல் நூல். அதாவது மேல் நூலை யாரும் இழுத்துப் பிடிக்கவில்லை. கோளாறு டென்ஷனில்.

டென்ஷன் என்பது இரண்டு வட்டத் தகடுகள், அவற்றை அமுக்கும் ஒரு ஸ்பிரிங், அதைத் தள்ளும் ஒரு திருகு. பாதத்தைத் தூக்கினால் தகடுகள் விலகும், இறக்கினால் சேரும். அதனால் நூல் கோக்கும்போது பாதம் மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் நூல் தகடுகளுக்கு இடையே போகாமல் மேலோடு நின்றுவிடும். நாங்கள் சரியாகத்தான் கோத்திருந்தோம். மாமா லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ளே அழுக்கு கனமா நிக்குது, தட்டு ரெண்டும் சேரவே இல்லை" என்றார். பாதத்தைத் தூக்கிவிட்டு, மண்ணெண்ணெயில் நனைத்த நாடாவைத் தகடுகளுக்கு நடுவில் விட்டுப் பல் தேய்ப்பது போல இப்படியும் அப்படியும் இழுத்தேன். துருவும் பழைய மெழுகும் கறுப்பாக வந்தன. உலர்ந்த நாடாவால் துடைத்து மறுபடி தைத்ததும் தொங்கல் போய்விட்டது. இப்போது நேர்மாறாக, மேல்பக்கம் வெள்ளைப் புள்ளிகள். டென்ஷன் திருகை அரைச் சுற்று தளர்த்தியதும், இரண்டு நூலும் துணியின் நடுவிலேயே பூட்டிக்கொண்டு, மேலே சிவப்பு மட்டும், கீழே வெள்ளை மட்டும் என்று நின்றது.

பாபின் கேஸையும் அத்தை சோதித்தார். நூல் முனையைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிட்டார். தானாகச் சரசரவென்று இறங்கினால் தளர்ச்சி; கையை ஒரு வெட்டு வெட்டியும் அசையாவிட்டால் இறுக்கம். ஒரு வெட்டுக்கு ஒரு விரலளவு இறங்கி நின்றது. "இதைத் தொடாதீங்க" என்றார். அதன் மேலுள்ள சின்னத் திருகு, எங்கள் வீட்டு ஸ்க்ரூ டிரைவர்களில் எதற்கும் அடங்காத அளவு சின்னது. தொடும் எண்ணமும் எனக்கு இல்லை.

பிறகு மிதி. அத்தையின் முழங்காலுக்கு இது ஆகுமா என்று பயந்தோம். அவர் இரண்டு பாதங்களையும் சற்று முன்பின்னாக வைத்து, குதிகாலும் விரலுமாக மாற்றி அழுத்தினார். முழங்கால் அசையவே இல்லை, வேலை எல்லாம் கணுக்காலில். வலக்கையால் சக்கரத்தைத் தன் பக்கம் ஒரு தட்டு, அவ்வளவுதான். என் மனைவி உட்கார்ந்தபோது சக்கரம் எதிர்ப்பக்கம் ஓடி நூல் அறுந்தது, மிதிக்கப் பழகும் எல்லோருக்கும் நடப்பதுதான். நூல் இல்லாமல் வெறும் தாளில் கோடு கோடாக ஓட்டச் சொன்னார் அத்தை. ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தின் நாலைந்து பக்கம் முழுக்கத் துளை விழுந்த பிறகு மகளின் கால் அடங்கியது. "சின்னதுல சொல்லிக் குடுக்குறேன்னப்ப ஓடிப் போனவதானே" என்று ஒரு குத்தலும் கிடைத்தது.

மாமாவின் நைந்த வேட்டி ஒன்றிலிருந்து தலையணை உறைகள் வெட்டினோம். நல்ல பக்கம் வெளியே இருக்க முதலில் ஓரத்தையொட்டி ஒரு தையல், பிறகு திருப்பிப் போட்டு அந்தப் பிசிர் உள்ளே அடங்கும்படி இன்னொரு தையல். துவைக்கத் துவைக்க நூல் பிரியாது. கரை வரும் பகுதியை உறையின் வாய்ப் பக்கம் வைத்தார் அத்தை, அதனால் அங்கே மடித்துத் தைக்கும் வேலை மிச்சம். மீந்த துணியில் மாமாவின் ஆல்பத்துக்கு ஒரு பை. பிளாஸ்டிக் உறையில் வைத்தால் மழைக்காலத்தில் வேர்த்து, தபால்தலை பக்கத்தோடு ஒட்டிக்கொள்கிறது என்று அவருக்கு வெகுநாளாகக் குறை.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பாபினில் நூல் சுற்றும் சின்னச் சக்கரத்தின் ரப்பர் வளையம் கல்லாகிவிட்டது, கைச்சக்கரத்தின் மேல் பிடிக்காமல் வழுக்குகிறது. கடையில் கேட்டதற்குப் பழையதை அளவுக்குக் கொண்டு வரச் சொன்னார்கள். உளியால்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதுவரை பாபினைக் கையால் சுற்றிக்கொள்வோம். அத்தை ஊருக்குக் கிளம்பும்போது ஆறு பாபின் சுற்றி வைத்துவிட்டு, அடுத்த முறை வரும்போது சட்டைத் துணி எடுத்து வைக்கச் சொல்லிப் போயிருக்கிறார்; காலர் மட்டும் தைக்கத் தெரியாது, அதைக் கடையில் கொடுத்துக்கொள்ள வேண்டுமாம்.